லேசர் தூரமானி: கண்ணைக் காக்கும் முறையும் நேர்நிறுத்தும் முறையும்

தறிக்கூடத்திற்குக் கூரை போடுவதாயினும், மஞ்சள் மூட்டைகளுக்குக் கிடங்கு எழுப்புவதாயினும், தென்னந்தோப்பிற்குச் சொட்டுநீர்க் குழாய் வாங்குவதாயினும், முதற்காரியம் அளவேயாகும். அளவு பிழைத்தால் வாங்கும் பொருள் பிழைக்கும். பொருள் பிழைத்தால் கடன் ஏறும். முன்பு முழக்கோலும் சங்கிலியும் எஃகு டேப்பும் செய்துவந்த இவ்வேலையை இன்று உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு கருவி செய்து முடிக்கிறது. அதுவே லேசர் தூரமானி. டேப்பின் மறுமுனையைப் பிடிக்க மற்றோர் ஆள் வேண்டுவதில்லை. பொத்தானை அழுத்தியதும் அளவு எண்ணாகத் தோன்றுகிறது.

எளிதாய்க் கிடைக்கும் எண்ணை எவரும் ஐயுறுவதில்லை. ஆனால் அந்த எண் மெய்யாவதும் பொய்யாவதும் கருவியைப் பிடிக்கும் கையைப் பொறுத்தது. அன்றியும், அதிலிருந்து புறப்படும் சிவப்புக் கதிர் விளையாட்டுப் பொருளன்று. இழை முறிந்த இடத்தைக் கண்டு முடிச்சிடும் நெசவாளருக்குக் கண்ணைவிடப் பெரிய முதல் வேறு ஏது? ஆகையால் இக்கருவியைக் கையில் எடுக்குமுன் உறுப்பினர்கள் அறிந்திருக்க வேண்டியவற்றை இப்பாடத்தில் வரிசையாகக் காண்போம்.

ஒளி தூரத்தை அளக்கும் விதம்

ஒளி ஒரு விநாடியில் 29,97,92,458 மீட்டர் செல்கிறது. கருவியிலிருந்து புறப்பட்ட ஒளி எதிர்ச்சுவரில் பட்டு மீண்டுவர எடுத்துக்கொள்ளும் காலத்தை அறிந்தால் தூரத்தையும் அறியலாம். ஒரு மீட்டர் தூரத்திலுள்ள சுவருக்குச் சென்று திரும்ப ஒளிக்கு ஒரு விநாடியின் நூறு கோடியில் ஏறக்குறைய 7 பங்கு காலமே ஆகும். இவ்வளவு சிறிய காலத்தை நேராக எண்ணுவது அரிது. ஆகவே கைக்கருவிகள் பெரும்பாலும் வேறோர் உபாயத்தைக் கையாளுகின்றன. ஒளியின் வலிமையை ஒரு விநாடியில் பல கோடி முறை ஏற்றியும் இறக்கியும் அனுப்பி, திரும்பிவந்த ஒளியின் ஏற்றத்தாழ்வு அனுப்பியதற்கு எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று ஒப்பிடுகின்றன. ஒரே வேகத்தில் ஓடும் இரு தறிகளுள் ஒன்றன் அடி மற்றதன் அடிக்குச் சற்றுப் பிந்தி விழுந்தால், அந்தப் பிந்துதலைக் காதாலேயே கணிக்கிறோம் அல்லவா? இதுவும் அத்தகையதே.

லேசர் ஒளியை முதன்முதலில் 1960ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் தியோடர் மைமன் உண்டாக்கினார். கையில் பிடித்து அளக்கத்தக்க லேசர் தூரமானி 1993இல் விற்பனைக்கு வந்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான்-3 கலமும் தரைக்கும் தனக்கும் இடையிலுள்ள உயரத்தை அறிய லேசர் உயரமானி ஒன்றைக் கொண்டிருந்தது. நிலவு மண்ணை ஒத்த மண்ணில் தரையிறங்கு கலத்தையும் உலாவியையும் சோதித்துப் பார்க்க, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிப் பாறையிலிருந்துதான் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் மண் செய்துகொண்டது என்பது கொங்கு நாட்டார் அறிந்து மகிழத்தக்க செய்தி.

நம் சீமையில் நடந்த பேரளவை

அளவுக்கருவியைப் பேணும் முறைக்கு இந்நாட்டிலேயே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 1802இல் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரி சென்னைக்கு அருகே பரங்கிமலைப் பக்கத்தில் ஓர் அடிக்கோட்டை அளந்து, தென்னிந்தியப் பேரளவையைத் தொடங்கினார். அடிக்கோடாவது, பிற அளவுகளெல்லாம் சார்ந்து நிற்பதற்காக மிகுந்த கவனத்துடன் முதலில் அளக்கப்படும் ஒரு நேர்கோடு. ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளமுள்ள அக்கோட்டை நூறடி எஃகுச் சங்கிலியால் ஏறத்தாழ 400 முறை வைத்து அளந்தார். வெயிலில் எஃகு நீளுமாதலால், சங்கிலியின் வெப்பத்தை வெப்பமானியால் பார்த்து, அதற்கேற்பக் கணக்கைத் திருத்தினார். பின்னர் குமரிமுனைக்கு அருகிலுள்ள புன்னையிலிருந்து, அவர் குறிப்பில் புச்சாபாளையம் என வரும் கோயமுத்தூர்ச் சீமையின் நிலையம் வரையில், 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வடதென் கோட்டைக் கணித்தார்.

1808இல் தஞ்சையில், அரை டன் எடையுள்ள அவருடைய பெரிய கோணமானியைக் கோயில் கோபுரத்தின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் வட்டம் உருக்குலைந்தது. லாம்டன் ஆறு வாரங்கள் கூடாரத்திலேயே இருந்து, அவ்வட்டத்தைச் சிறிது சிறிதாகச் சீர்செய்து மீண்டும் பயன்படுத்தினார். எவ்வளவு நுட்பமான கருவியாயினும் அடிக்கோட்டில் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும், அடிபடாமல் காக்கவேண்டும் என்னும் இரு பாடங்களும் நமக்கு இங்கே கிடைக்கின்றன.

கண்ணைக் காத்தல்

கடைகளில் கிடைக்கும் கைத் தூரமானிகள் பெரும்பாலும் இரண்டாம் வகுப்பு லேசரைச் சேர்ந்தவை. அவ்வகுப்பில் கண்ணுக்குத் தெரியும் கதிரின் ஆற்றல் ஒரு மில்லிவாட்டுக்கு மேற்படலாகாது என்பது பன்னாட்டு விதி. இக்கதிர் தற்செயலாகக் கண்ணில் பட்டால் நாம் கால் விநாடிக்குள் இமைத்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அதனால் தீங்கு நேர்வதில்லை. ஆனால் ‘என்னதான் ஆகிறது, பார்ப்போம்’ என்று ஒருவர் வேண்டுமென்றே உற்று நோக்கினால் இயற்கை தந்த அக்காவல் பயனற்றுப் போகும். கண்ணின் வில்லை, அக்கதிரை விழித்திரையின்மேல் ஊசிமுனையிற் சிறிய புள்ளியாகக் குவிக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது. அங்கே உண்டான புண் பார்வையில் நிலையான கறையாக நின்றுவிடலாம்.

ஆகையால் வாங்கும்போதே கருவியின் மேலுள்ள மஞ்சள் அடையாளச் சீட்டைப் பாருங்கள். இரண்டாம் வகுப்பு என்று குறித்திருந்தால் போதுமானது. அடையாளச் சீட்டே இல்லாத மலிவுப் பொருளைச் சங்கத்திற்கு வாங்கலாகாது.

குழித்தறி உள்ள கூடங்களில் தனிக் கவனம் வேண்டும். அங்கே நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் வைத்து நெய்கிறார். அவருடைய கண், நிற்பவருடைய இடுப்பளவிலேயே இருக்கும். கூடத்தின் நீளத்தை அளக்க வருபவரோ கருவியை வழக்கமாக இடுப்பளவில்தான் பிடிப்பார். தமக்கு ஆபத்தில்லாத உயரம் என்று அவர் எண்ணுவது, தறியில் இருப்பவருக்கு நேர் கண்ணுயரம். எனவே, தறி ஓடாத நேரத்தில் அளக்க வேண்டும்; அல்லது நெசவாளரை எழுந்து வெளியே வரச்சொல்லிய பின் அளக்க வேண்டும். இரண்டும் இயலாவிடில், நிற்பவர் தலைக்கு மேலான உயரத்தில் கதிரைச் செலுத்துக.

இன்னும் சில விலக்குகளும் உண்டு. நிலைக்கண்ணாடி, எவர்சில்வர் பாத்திரம், மெருகிட்ட உலோகத்தகடு ஆகியவற்றின்மேல் கதிரைச் செலுத்தலாகாது. அது வலிமை குன்றாமல் வேறு பக்கம் திரும்பும். இழை எண்ணும் பூதக்கண்ணாடி வழியாகவோ தொலைநோக்கி வழியாகவோ கதிர் வரும் திசையைப் பார்க்கலாகாது. குழந்தைகள் கையில் கருவியைக் கொடுக்கலாகாது. சாலையில் வரும் வண்டியை நோக்கியும் வானூர்தியை நோக்கியும் கதிரை வீசலாகாது. பீளமேட்டில் விமான நிலையமும் சூலூரில் விமானப்படைத் தளமும் உள்ள நம் பகுதியில், ஓட்டுபவர் கண்ணைக் கூசச் செய்வது பலர் உயிரோடு விளையாடுவதாகும்.

கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரால் அளக்கும் உணரிகளும் இயந்திரங்களில் பொருத்தப்படுகின்றன. புள்ளி தெரியவில்லை என்பதனால் கதிர் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். அவ்வொளிக்குக் கண் இமைப்பதில்லை. ஆதலால் மின்சாரத்தை நிறுத்திய பின்னரே அவற்றின் முகத்தைத் துடைப்பதும் திருப்புவதும் செய்க.

நேர்நிறுத்தல்

கருவியால் வரும் பிழை பொதுவாக இரண்டு மில்லிமீட்டர் அளவினது. கையால் வரும் பிழையோ அதைவிடப் பன்மடங்கு பெரிது. அவ்வாறு வரும் பிழைகளுள் முதன்மையானவை இரண்டு.

முதலாவது, தொடங்கும் விளிம்பைப் பற்றியது. கருவி தன் பின்விளிம்பிலிருந்து அளக்கிறதா, முன்விளிம்பிலிருந்து அளக்கிறதா என்பதை அதன் முகப்பில் ஒரு சிறு குறி காட்டும். பின்விளிம்பைச் சுவரோடு ஒட்டவைத்து, முன்விளிம்புக் கணக்கில் அளந்தால் கருவியின் நீளம் முழுவதும் விடுபடும். கருவி 12 செண்டிமீட்டர் நீளமுடையது என்று கொள்வோம். 6 மீட்டருக்கு 4 மீட்டர் உள்ள அறை, 5.88க்கு 3.88 என்று காட்டும். பரப்பு 24 சதுர மீட்டருக்குப் பதிலாக 22.81 என்று வரும். தரைக்கல் வாங்கினால் ஒரு சதுர மீட்டருக்கு மேல் குறையும். கொத்தனார் வேலையை நிறுத்தி நிற்பார்.

இரண்டாவது, சாய்வைப் பற்றியது. எதிர்ச்சுவருக்கு நேர் செங்குத்தாகச் செல்லும் கோடே மிகக் குறுகிய கோடு. 10 மீட்டர் தூரத்தில் புள்ளி ஒரு மீட்டர் ஒதுங்கி விழுந்தால் கருவி 10.05 மீட்டர் என்று காட்டும். 5 செண்டிமீட்டர் மிகை. அரை மீட்டர் ஒதுங்கினால் மிகை ஒன்றேகால் செண்டிமீட்டர். சாய்வினால் வரும் பிழை எப்போதும் கூடுதலாகவே இருக்கும், குறைவாக வருவதில்லை.

இந்த இயல்பே பிழையைத் திருத்தும் வழியையும் காட்டுகிறது. கருவியைத் தொடர்ந்து அளக்கும் நிலையில் வைத்து, பின்விளிம்பை அசையாமல் ஊன்றி, புள்ளியை மெல்ல இடம் வலமாகவும் மேல் கீழாகவும் நகர்த்துக. காட்டும் எண்களுள் மிகச் சிறியது எதுவோ அதுவே மெய்யான அகலம். மூலைக்கு மூலை அளக்கும்போது இதற்கு மாறாக மிகப் பெரிய எண்ணைக் கொள்ளவேண்டும். பெரும்பான்மைக் கருவிகள் இவ்விரு எண்களையும் தாமே குறித்துவைத்துக் காட்டும்.

நீண்ட தூரத்திற்குக் கை ஆடும். அப்போது கருவியை முக்காலியில் பொருத்தி, ரசமட்டத்தால் சமன் பார்த்து, பொத்தானை அழுத்தும் அதிர்ச்சி அடங்கிய பின் எண்ணைப் படிக்க வேண்டும். முக்காலியில் வைத்தால் தொடங்கும் விளிம்பின் கணக்கும் மாறும். அதற்குரிய குறியைத் தேர்ந்துகொள்க. மூலைமட்டம் சரிதானா என்று பார்க்க இரு மூலைவிட்டங்களையும் அளந்தால் போதும். 12 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள கூடத்தில் இரண்டு மூலைவிட்டங்களும் 13 மீட்டராகவே இருக்கவேண்டும்.

இலக்கும் வெயிலும்

ஒளி நன்கு சிதறித் திரும்பும் பரப்பே நல்ல இலக்கு. வெள்ளையடித்த சுவரும் மெருகற்ற வெள்ளை அட்டையும் சிறந்தவை. கறுப்புத் துணி ஒளியை விழுங்கிவிடும். கண்ணாடி சிறிது ஒளியை உள்ளே விட்டுவிட்டு, பின்னாலுள்ள பொருளின் தூரத்தைக் காட்டக்கூடும். பளபளக்கும் தகரம் ஒளியை வேறு திசையில் எறிந்துவிடும். இத்தகைய இடங்களில் ஓர் அட்டையை ஒட்டவைத்து அளந்து, அட்டையின் கனத்தைக் கூட்டிக்கொள்க.

நண்பகல் வெயிலில் தோட்டத்தில் புள்ளி கண்ணுக்குத் தெரியாது, கருவியும் தடுமாறும். காலையிலோ மாலையிலோ அளப்பது நலம். கதிர் செல்லும் வழியில் தென்னங்கீற்றும் வாழையிலையும் குறுக்கிட்டால், அவற்றின் தூரமே எண்ணாகத் தோன்றும். வழக்கத்திற்கு மாறான எண் வந்தால் மும்முறை அளந்து பாருங்கள்.

தறிக்கூடத்தில் பறக்கும் பஞ்சுத்தூசியும் கஞ்சித்தூளும் கருவியின் கண்ணாடியில் படிந்தால் அளவு வருவது தாமதப்படும், தவறியும் வரும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும். விரல் நகத்தால் சுரண்டுவதும் வேட்டி முனையால் அழுத்தித் தேய்ப்பதும் கூடா.

கிணற்றில் எச்சரிக்கை

நம் பகுதிக் கிணறுகள் ஆழமானவை. கைப்பிடிச்சுவர் இல்லாதவையும் பல. கிணற்று நீரின் ஆழத்தைத் தூரமானியால் பார்க்கலாமே என்று பலருக்கும் தோன்றும். தெளிந்த நீர் ஒளியை உள்ளே விட்டும் வேறு பக்கம் திருப்பியும் விடுமாதலால் வரும் எண் நம்பத்தக்கதன்று. கிடைக்கும் எண்ணுக்காக விளிம்பில் குனிந்து புள்ளியைத் தேடுபவர் தம் உயிரையே பணயமாக வைக்கிறார். குண்டு கட்டிய கயிறே இதற்குச் சிறந்த கருவி.

வறண்ட கிணற்றை அளப்பதாயின், வெள்ளைப் பலகையைக் கயிற்றில் கட்டி இறக்குக. பலகை வைப்பதற்காக எவரையும் உள்ளே இறக்காதீர்கள். நாட்பட்ட கிணற்றின் அடியில் உயிர்க்காற்றுக் குறைந்திருக்கலாம். அங்கே இறங்கியவரும், அவரைக் காக்க இறங்கியவரும் ஒருங்கே மாண்டுபோவதுண்டு.

நிலையாகப் பொருத்தும் உணரி

துணிச்சுருளின் விட்டத்தையோ கிடங்கில் குவியலின் உயரத்தையோ இடைவிடாது அளக்கும் உணரியைச் சட்டத்தில் நிலையாகப் பொருத்துவதுண்டு. அதற்கு முறை இது: முதலில் மின்சாரத்தை நிறுத்தி, உணரியை அதிராத சட்டத்தில் திருகுகளைச் சற்றுத் தளர்வாக வைத்துப் பொருத்துக. கதிரின் வழி எவர் கண்ணுயரத்திலும் அமையலாகாது. கதிர் முடியும் இடத்தில் மெருகற்ற தடுப்புப் பலகை ஒன்றை நிறுத்துக. பின்னர் மின்சாரம் தந்து, ஓர் அட்டையில் குறுக்குக் குறியிட்டு, அதை அருகிலும் தொலைவிலும் ஒரே உயரத்தில் ஒரே கோட்டில் வைத்துப் பாருங்கள். இரண்டிடத்திலும் புள்ளி குறியின்மேலேயே விழுந்தால் கதிர் நேராக நிற்கிறது. விலகினால் திருகுகளைச் சிறிது சிறிதாகத் திருத்துக. முடிவாகத் திருகுகளை இறுக்கியபின் மீண்டும் ஒரு முறை பார்க்க வேண்டும். இறுக்கும்போதே விலகுவது வழக்கம்.

சங்கம் செய்யவேண்டுவன

ஒவ்வோர் உறுப்பினரும் தனித்தனியே கருவி வாங்க வேண்டுவதில்லை. சங்கம் ஒன்றை வாங்கி முறைப்படி இரவல் தரலாம். அப்போது சங்கக் கட்டடத்திலேயே ஓர் அடிக்கோடு அமைப்பது நன்று. நீண்ட சுவரோரமாகச் சரியாக 10 மீட்டர் இடைவெளியில் இரு உறுதியான தடுப்புகளைப் பதித்து, நல்ல எஃகு டேப்பால் நிழலில் அளந்து உறுதி செய்க. வெப்பம் 10 பாகை கூடினால் 10 மீட்டர் எஃகு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளும். லாம்டன் வெப்பமானியைக் கையில் வைத்திருந்தது இதனாலேயே. கருவி வெளியே போகும்போதும் திரும்பும்போதும் இவ்வடிக்கோட்டில் மும்முறை அளந்து, எண்களைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். வேறுபாடு 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் அக்கருவியை இரவல் தருவதை நிறுத்தி, பழுது பார்ப்பவரிடம் அனுப்புக. நீண்டநாள் பயன்படுத்தாதபோது மின்கலங்களைக் கழற்றி வைக்க வேண்டும்.

இறுதியாக ஒன்று. இக்கருவி நம் சொந்தக் கணக்கிற்கு உதவுவது. துணி விற்கும்போதும் வாங்கும்போதும், 2009ஆம் ஆண்டு எடையளவுச் சட்டப்படி முத்திரையிட்ட அளவுகோலே செல்லும். நிலத்தின் எல்லைத் தகராற்றில் அரசாங்க நில அளவரின் அளவே முடிவு. அண்டை நிலத்தாரோடு கருவியைக் காட்டி வழக்காடுவதால் பயனில்லை.

பயிற்சி வினாக்கள்

1. சாய்வினால் வரும் பிழை ஏன் எப்போதும் மிகையாகவே இருக்கிறது?

2. குழித்தறிக் கூடத்தில் இடுப்பளவில் கதிரைச் செலுத்துவது ஏன் தவறு?

3. 8 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள கூடத்தின் மூலைவிட்டம் எவ்வளவு இருக்கவேண்டும்? ஒன்று 10.04 என்றும் மற்றொன்று 9.96 என்றும் வந்தால் கூடத்தைப் பற்றி என்ன அறிகிறீர்கள்?

4. உங்கள் சங்கத்தில் அடிக்கோடு அமைக்கத் தக்க சுவர் எது? அடுத்த கூட்டத்தில் உறுப்பினர்கள் கூடி முடிவு செய்க.

மூன்றாம் வினாவிற்கு விடை: மூலைவிட்டம் 10 மீட்டர். இரண்டும் வேறுபட்டால் கூடம் மூலைமட்டம் தவறிச் சாய்ந்துள்ளது. கூரைத்தகடு வாங்குமுன் சுவரைத் திருத்துவது நலம்.